பதிவில் இல்லாததும் நிகழாததும்

ஒரு செயல் நிகழ்ந்துவிட்டது என்பதற்கு அதன் விளைவு சாட்சி. நிகழவில்லை என்பதற்கு எது சாட்சி? இந்தியத் தருக்க நூல்கள் இக்கேள்வியை அபாவம் (இன்மை) என்ற தலைப்பில் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்திருக்கின்றன. தமிழ்ச் சைவ நூல்களும் அதை விடவில்லை. இன்று இணையதளம் நடத்தும் நிறுவனங்களில் இதே கேள்வி நாள்தோறும் ஒரு கட்டளையாகக் கணினியிடம் கேட்கப்படுகிறது: டேட்டாபேஸில் செய்ய வேண்டிய மாற்றங்களில் இன்னும் செய்யப்படாதது ஏதேனும் உண்டா? ஒரு நொடியில் விடை வந்துவிடுகிறது. அந்த விடை எந்த வகை அறிவு என்பது அவ்வளவு விரைவில் விளங்குவதில்லை.

ஒரு செயலி வளரும்போது அதன் டேட்டாபேஸ் அமைப்பும் மாறுகிறது. புதிய அட்டவணை சேர்கிறது, பழைய நெடுவரிசை நீங்குகிறது, ஒன்றின் பெயர் மாறுகிறது. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைப்பது வழக்கம். அக்கோப்புக்கு மைக்ரேஷன் என்று பெயர். ஜாங்கோ என்னும் கட்டமைப்பில் இவ்வசதி 2014இல் வந்த 1.7 பதிப்பில் உள்ளேயே சேர்ந்தது. அதற்கு முன் ஆண்ட்ரூ காட்வின் எழுதிய சவுத் என்ற தனி நிரல் அவ்வேலையைச் செய்துவந்தது. ஒரு மைக்ரேஷன் ஒரு டேட்டாபேஸில் நிறைவேறியதும், அந்த டேட்டாபேஸிலேயே இருக்கும் ‘ஜாங்கோ மைக்ரேஷன்ஸ்’ என்ற அட்டவணையில் ஒரு வரி ஏறுகிறது. எந்தச் செயலி, எந்த மைக்ரேஷன், எப்போது நிறைவேறியது என்பதற்கு மேல் அந்த வரியில் எதுவும் இல்லை. ரெயில்ஸ், லாராவெல் ஆகிய கட்டமைப்புகளிலும் இதே போன்ற அட்டவணை உண்டு.

சோதனை இந்த அட்டவணையைக் கொண்டே நடக்கிறது. கோப்புகளின் பட்டியலை ஒரு பக்கமும் அட்டவணையின் வரிகளை மறுபக்கமும் வைத்துக் கழித்தால் மிஞ்சுபவை ‘நிறைவேறாதவை’. 2020இல் வந்த ஜாங்கோ 3.1 பதிப்பு முதல் மைக்ரேட் கட்டளையுடன் செக் என்ற குறிப்பைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் இந்தக் கழித்தலை மட்டும் செய்துவிட்டு, மிச்சம் இருந்தால் தோல்விக் குறியுடன் முடியும். புதிய பதிப்பை ஏற்றும் தானியங்கி ஏற்பாடு அக்குறியைக் கண்டதும் நின்றுவிடும். ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். சோதனை டேட்டாபேஸின் உண்மையான அமைப்பை ஒருமுறைகூட எட்டிப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட நெடுவரிசை அங்கே இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. பதிவேட்டில் ஒரு வரி இல்லை என்பதைக் கண்டு, உலகில் ஒரு செயல் நிகழவில்லை என்று முடிவுகட்டுகிறது.

இம்முடிவு செல்லுமா என்பதுதான் தருக்கக்காரர்களின் கேள்வி. தரையில் குடம் இல்லை என்ற அறிவு எப்படி வருகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்கமான உதாரணம். கண் தரையைக் காண்கிறது; குடத்தின் இன்மையையும் அதே கண்தான் காண்கிறதா? ஆம் என்றனர் நையாயிகர்: இன்மை தரைக்கு ஓர் அடையாக நின்று காட்சிக்குப் புலனாகிறது. குமாரில பட்டர் வழிவந்த மீமாஞ்சகர் இதை ஏற்கவில்லை. புலன் உள்ளதோடுதான் தொடர்புகொள்ளும். இல்லாததோடு அதற்கு என்ன தொடர்பு? ஆகவே ‘காணாமை’ என்பதே தனியொரு அளவை (அறியும் வழி) என்று கொண்டு, அளவைகளை ஆறாக்கினர். பிரபாகரர் வழியினர் அந்த ஆறாவதைத் தள்ளிவிட்டனர். வெறும் தரையை அறிவதற்கு மேல் அங்கே அறிய ஒன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையை அனுமானத்துக்குரிய ஏதுக்களில் ஒன்றாக வைத்தார்.

தமிழ் இந்த வாதத்தின் விளிம்பில் நின்ற மொழி அன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் கொள்கையை உரைக்கும் காதையில் அளவைகளின் நீண்ட பட்டியல் வருகிறது. அபாவமும் அதில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை ஆறு என்பாரையும் பத்து என்பாரையும் சுட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். மைக்ரேஷன் சோதனையைப் பிரித்துப் பார்த்தால் அருணந்தியின் கணக்கே பொருந்துகிறது. அட்டவணையில் வரி இல்லை என்பது காண்டல். நிகழ்ந்திருந்தால் வரி இருந்திருக்கும் என்பது கருதல். அட்டவணை சொல்வதை நம்பலாம் என்பது உரை. இன்மைக்கென்று நான்காவதாக ஓர் அளவை இங்கே தேவைப்படவில்லை. ஆனால் மூன்றில் எது தளர்ந்தாலும் முடிவு விழுந்துவிடும்.

மீமாஞ்சகர் வாதத்தில் தனி அளவை என்பதைத் தள்ளினாலும் தள்ள முடியாத ஒரு பகுதி உண்டு. காணாமை எல்லாமே இன்மைக்குச் சான்று ஆகாது. இருட்டறையில் குடத்தைக் காணாதது குடம் இல்லாததற்குச் சான்று அன்று. பேய் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் பேய் இல்லை என்றும் சொல்ல முடியாது. அது காட்சிக்குரிய பொருளாகவே கொள்ளப்படவில்லை. இருந்திருந்தால் கட்டாயம் கண்டிருப்போம் என்ற நிலையில் காணாமல் போனால்தான் அது சான்று. வடநூலார் இதை யோக்கியானுபலப்தி என்றனர். தகுதியுடைய காணாமை என்று தமிழில் கொள்ளலாம். மைக்ரேஷன் சோதனையின் முழு பலமும் பலவீனமும் இந்தத் தகுதியில் இருக்கின்றன.

இந்தத் தகுதியை நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகமே நிறுவிக் காத்த வரலாறு செட்டிநாட்டில் உண்டு. காரைக்குடிக்கு அருகே உள்ள கானாடுகாத்தானின் பெரிய வீடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. அவற்றைக் கட்டிய பணத்தின் பெரும்பகுதி பர்மா, மலாயா, இலங்கையில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்தது. முதலாளி ஊரில் இருப்பார். கடல் கடந்த கடையை ஒரு மேலாள் பொதுவாக மூன்றாண்டு முறையில் நடத்துவார். கடன் வாங்கிய உழவரையோ அடமானமாக வந்த நெல்வயலையோ கானாடுகாத்தானில் இருப்பவர் கண்ணால் பார்க்கப் போவதில்லை. அவர் முன் இருப்பது ஏடு ஒன்றே. நாள்தோறும் நடந்தது சிட்டையில் ஏறும். சிட்டையிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயரும். எல்லாம் சேர்ந்து ஐந்தொகையாக முதலாளிக்கு வரும். ஐந்தொகையில் பற்றும் வரவும் ஒத்தாக வேண்டும்; ஒரு பதிவின் ஒரு பக்கம் விடுபட்டால் ஒப்பு முறியும். ஏட்டில் இல்லாத கடன் இல்லாத கடன் என்று துணிந்து சொல்ல முடிந்தது இந்த ஒழுங்கினால்தான். ஏட்டில் காணாமை தகுதியுடைய காணாமை ஆவதற்கு, எழுதாமல் எதுவும் நடவாது என்ற கட்டுப்பாடு முன்கூட்டியே நிலவ வேண்டும். தருக்க நூல்கள் தகுதியை அறிபவனின் நிலையாகவும் வெளிச்சத்தின் நிலையாகவும் பேசின. செட்டிநாட்டுக் கணக்குமுறை அதை எழுதுபவரின் ஒழுக்கமாக மாற்றியது. இது சிறிய மாற்றம் அன்று. இன்மையை அறிவது அறிபவரை மட்டும் பொறுத்ததாக இல்லாமல், எப்போதோ எங்கோ எழுதியவரின் நேர்மையையும் பொறுத்ததாகிவிடுகிறது.

கணினியில் இந்த ஒழுக்கம் முறியும் இடங்கள் மூன்று. யாரேனும் டேட்டாபேஸில் நேரடியாக நுழைந்து ஒரு நெடுவரிசையைக் கையால் சேர்த்துவிட்டால் செயல் உண்டு, பதிவு இல்லை. ஜாங்கோவில் ஃபேக் என்ற குறிப்புடன் மைக்ரேட் கட்டளையை ஓட்டினால் எதிர்மாறு: செயல் இல்லை, பதிவு உண்டு. ஏற்கெனவே இருக்கும் அட்டவணைகளை மைக்ரேஷன் முறைக்குள் கொண்டுவர அந்த வசதி தேவைதான். அதைத் தவறாகக் கையாண்டால் சோதனை எந்தக் குறையும் இல்லை என்று பொய் சொல்லும், அதுவும் நல்ல நம்பிக்கையுடன். மூன்றாவது இடம் நுட்பமானது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அமைப்பு மாற்றத்தையும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்க முடியும். இடையில் தவறினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் அந்தந்தக் கணத்திலேயே உறுதியாகிவிடும். ஐந்து படிகள் கொண்ட மைக்ரேஷன் மூன்றாம் படியில் முறிந்தால், முதல் இரண்டும் நிகழ்ந்தவை. பதிவு மட்டும் ஏறாது. சோதனை ‘நிறைவேறவில்லை’ என்று சொல்லும், மீண்டும் ஓட்டினால் அட்டவணை முன்பே இருக்கிறது என்று டேட்டாபேஸ் மறுக்கும். உண்டு, இல்லை என்ற இரண்டில் ஒன்றாக மட்டுமே பேசத் தெரிந்த பதிவேட்டுக்குப் பாதி நிகழ்ந்ததைச் சொல்ல வழியில்லை.

பதிவு இருந்து பொருள் இல்லாமற் போவதற்குச் செட்டிநாட்டின் வரலாற்றைவிடக் கடுமையான சான்று தேட வேண்டியதில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், பயிரிடப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது அவர்கள் வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் செய்தது. ஊருக்கு வந்துசேர்ந்த ஏடுகளில் நிலங்கள் வரி வரியாக இருந்தன. கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஏடுகளை மட்டும் ஒப்பிடும் எந்தச் சோதனையும் அங்கே குறை காண முடியாது. பிழை ஏட்டுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருந்தது.

இன்மை ஒரே வகையானது அன்று என்பதும் தருக்க நூல்களின் கண்டுபிடிப்பு. சிவஞான முனிவர் தமிழில் தந்த தருக்க சங்கிரகம் அதை நான்காக வகுக்கிறது. பொருள் தோன்றுமுன் உள்ள இன்மை முன்னபாவம். அழிந்தபின் உள்ளது அழிவுபாட்டபாவம். எக்காலத்தும் இல்லாதது மூன்றாம் வகை. ஒன்று மற்றொன்று ஆகாமை நான்காம் வகை. இவற்றுள் முதல் இரண்டும் இங்கே தேவைப்படுகின்றன. முன்னபாவத்துக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு: குயவன் வனைந்ததும் குடத்தின் முன்னபாவம் ஒழிகிறது. அழிவுபாட்டபாவத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை: உடைந்த குடத்தின் இன்மையை எந்தப் புதுக்குடமும் தீர்க்காது, புதிதாக வருவது வேறு குடம்.

நிறைவேறாத மைக்ரேஷன் முன்னபாவத்தின் தெளிவான வடிவம். அது வெறும் சூனியம் அன்று. காரணங்கள் கூடியதும் தோன்றப்போகும் ஒன்றின் காத்திருப்பு. ஆனால் நிறைவேற்றிய மைக்ரேஷனைப் பின்வாங்கினால் என்ன ஆகிறது? ஜாங்கோ அதற்குரிய வரியை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. ஒருபோதும் நிகழாததும், நிகழ்ந்து பின் திரும்பியதும் அந்தக் கணம் முதல் பதிவேட்டில் ஒன்றுபோலவே தெரியும். முன்னபாவமும் அழிவுபாட்டபாவமும் ஒரே வெற்றிடமாகிவிடுகின்றன. உலகில் அவை ஒன்றல்ல. ஒரு நெடுவரிசையை நீக்கும் மைக்ரேஷனை ஓட்டிப் பின் பின்வாங்கினால் நெடுவரிசை திரும்பி வரும், அதில் இருந்த விவரங்கள் திரும்பி வரா. வந்திருப்பது வேறு குடம். சோதனை இதைப் பற்றி எதுவும் சொல்லாது. வரியை அழித்துவிடும் பதிவேட்டைவிட, திரும்பியதையும் தனி வரியாக எழுதும் பதிவேடு தத்துவ நோக்கில் மேலானது. அடித்தலோ அழித்தலோ இல்லாமல் எதிர்ப்பதிவு இட்டுத் தவறைச் சரிசெய்யும் கணக்கர்கள் இதைத் தருக்க நூல் படிக்காமலே அறிந்திருந்தனர்.

இன்மைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. எதன் இன்மை என்று சொல்லாமல் இன்மையைச் சொல்ல முடியாது. இல்லாத அந்தப் பொருளைத் தருக்கக்காரர்கள் பிரதியோகி என்றனர். குடத்தை அறியாதவனுக்குக் குடத்தின் இன்மையும் தெரியாது. மைக்ரேஷன் சோதனைக்குப் பிரதியோகிகளைத் தருவது கோப்புகள். நிரலர் செயலியின் மாதிரியை மாற்றிவிட்டு அதற்குரிய கோப்பை உருவாக்க மறந்தால், கழிப்பதற்கு எதுவும் இல்லை. சோதனை நிறைவாக முடியும். அந்தக் குறையைக் காண மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையுடன் செக் குறிப்பைச் சேர்க்கும் வேறு சோதனை உண்டு. அது மாதிரிகளையும் கோப்புகள் கூட்டிக் காட்டும் அமைப்பையும் ஒப்பிடுகிறது. முதற்சோதனை சொன்னதைச் செய்தாயிற்றா என்று கேட்கிறது; இரண்டாவது எண்ணியதைச் சொல்லியாயிற்றா என்று கேட்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் ஓட்டும் வழக்கம் பரவலாக இருப்பதற்கு, இரண்டிலும் ‘செக்’ என்ற ஒரே சொல் இருப்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இனி, இன்மை ஒன்றுக்குக் காரணம் ஆகுமா என்ற கேள்வி. நித்திய கருமங்களைச் செய்யாமல் விட்டால் பாவம் சேரும் என்பது கரும நூல்களின் வழக்கு. சங்கரர் தம் கீதை உரையிலும் தைத்திரீய உபநிடத உரையிலும் இதை மறுக்கிறார். செய்யாமை என்பது ஓர் இன்மை; இன்மையிலிருந்து உள்பொருளான பாவம் பிறக்க இயலாது. கருமத்தை விட்டவனுக்குத் துன்பம் வந்தால் அதைத் தந்தது அவன் முன்பே சேர்த்த வினை. விட்டது அந்த வினைக்கு ஓர் அடையாளம் மட்டும். நையாயிகர் இவ்வளவு கறாராக இல்லை. தடை இல்லாமையையும் காரணங்களின் கூட்டத்தில் ஒன்றாக அவர்கள் ஏற்றனர்.

மைக்ரேஷன் நிறைவேறாத தளம் பிழைச்செய்தியோடு விழும்போது பழி வழக்கமாக அந்த நிறைவேறாமையின் மேல் சுமத்தப்படுகிறது. சங்கரர் வழியில் பார்த்தால் அது சரியான வழக்கு அன்று. நெடுவரிசை இல்லாமல் அந்தத் தளம் நேற்றுவரை நன்றாகவே ஓடியது. இன்று விழக் காரணம், இல்லாத நெடுவரிசையைக் கேட்கும் புதிய நிரல் ஏற்றப்பட்டது. காரணம் ஓர் உள்பொருள்; இன்மை அதற்கு வாய்ப்பு மட்டும் கொடுத்தது. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறைப் பயன் உண்டு. கவனமான குழுக்கள் முதலில் நெடுவரிசையைச் சேர்க்கின்றன, பழைய நிரல் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடட்டும் என்று விடுகின்றன, பிறகே புதிய நிரலை ஏற்றுகின்றன. நீக்கும்போது வரிசை தலைகீழ்: கேட்பவரை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பொருளை நீக்குகிறார்கள். பழி இன்மையின் மேல் இல்லை என்று அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

விடுபட்டதைக் கண்டறியாமலே நிரப்பும் வழி ஒன்றும் சைவ மரபில் உண்டு. சிவாலயங்களில் ஆண்டுதோறும் நடக்கும் பவித்திர உற்சவம், அவ்வாண்டுப் பூசைகளில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகள் அனைத்துக்கும் பிராயச்சித்தம். சோமசம்பு பத்ததி போன்ற பதினோராம் நூற்றாண்டு நூல்களில் அதன் விதி விரிவாக இருக்கிறது. எந்த நாள் எந்தக் காலத்தில் எது விடுபட்டது என்ற பட்டியல் அதற்குத் தேவையில்லை. பிரதியோகியின் பெயர் சொல்லாமலே இன்மை நீக்கப்படுகிறது. டேட்டாபேஸ் உலகிலும் இதற்கு நிகரான கருவிகள் வந்துள்ளன. அவை எது நிறைவேறியது என்ற வரலாற்றைக் கேட்பதில்லை. இருக்க வேண்டிய அமைப்பையும் இப்போது இருக்கும் அமைப்பையும் நேரே ஒப்பிட்டு வேறுபாட்டை நிரப்புகின்றன. உரையை விட்டுக் காண்டலுக்குத் திரும்பும் முயற்சி இது. கையால் சேர்த்த நெடுவரிசையும் பாதியில் முறிந்த மைக்ரேஷனும் இந்தக் கண்ணுக்குத் தப்பாது.

இருந்தும் இக்கருவிகள் பதிவேட்டை வெளியேற்றவில்லை. எல்லா மைக்ரேஷனும் அமைப்பை மாற்றுவதில்லை. பழைய தொலைபேசி எண்களுக்கு நாட்டுக் குறியீட்டைச் சேர்ப்பது, எல்லா விலையையும் ஒரு முறை மாற்றிக் கணக்கிடுவது போன்ற வேலைகள் உள்ளிருக்கும் விவரங்களை மட்டும் மாற்றுகின்றன. அட்டவணையின் வடிவம் முன்னும் பின்னும் ஒன்றே. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விலை ஒருமுறை உயர்த்தப்பட்டதா, இருமுறையா என்று விலையைக் கொண்டு சொல்ல முடியாது. இங்கே காண்டலுக்குத் தகுதி இல்லை. செய்தாயிற்று என்று எழுதிய வரி ஒன்றே அளவை.

நகரத்தார் திருமணத்தின் நிலையும் இதுவே. ஒன்பது நகரக் கோயில்களான இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி ஆகியவற்றுள் ஒவ்வொரு குடும்பமும் ஒன்றைச் சார்ந்தது. மணம் நடக்கும்போது இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். இரு தரப்பும் இசைகுடிமானம் என்னும் மண ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். தம்பதி ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் ஏற வேண்டும். கோயில் வரியும் ஊர்ப் பொதுக்காரியங்களின் பங்கும் புள்ளிவாரியாகவே கணக்கிடப்பட்டன. கானாடுகாத்தானின் வளவில் ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பிகள் பலர் வாழ்ந்தாலும், வேறு வைக்கப்பட்ட ஒவ்வொரு தம்பதியும் தனிப் புள்ளி. வீட்டைப் பார்த்து எத்தனை புள்ளி என்று எண்ண முடியாது. கோயிலின் ஏட்டைப் பார்த்தே சொல்ல முடியும். அதில் ஏறாத மணத்துக்கு நகரத்தாரின் கணக்கில் இடமில்லை.